வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பஞ்சாயத்துத் தலைவர் பதவியை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நான் நிற்கிறேன் என்றேன். ஒரே ஓட்டில் தோற்றுப்போனேன்.

அரசாங்கத் தேர்தல் இல்லை, அதற்கு இப்போதுதான் மனு வாங்குகிறார்கள். இது நம் ஊர்த் தேர்தல். ஓட்டு பிரிந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று முன்னாடியே கோயிலில் கூடி ஓர் ஆளை முடிவு செய்வார்களே, அதுதான். திரைக்குப் பின்னால் துணி கட்டிய இரண்டு குடம், வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. ஒரு குடம் எனக்கு, இன்னொன்று தக்காளி மண்டிக்காரர் மனைவி சுமதிக்கு. நின்றது இரண்டு பெண்கள். கொட்டை போட்டது முழுக்க ஆண்கள். சுமதிக்குப் போட அவள் புருஷன் இருந்தார். நம் வீட்டுக்கு உங்கள் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். உங்கள் தம்பி முருகேசன் எழுந்து போனார். நான் பெண்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

எண்ணி முடித்ததும் ஊர்ப் பெரியவர், "ஒரு வூடு பாக்கியில்ல, அத்தன பேரும் போட்டுட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னார். கை தட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. நம் எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறதே? கோவிந்தனும் சின்னத்தாயும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள், பொங்கலுக்குக்கூட வரவில்லை. அவர்கள் வீட்டுக் கொட்டையை யார் போட்டது?

சின்னத்தாய்க்கு போன் போட்டேன். "எங்க வூட்டு ஓட்டா? கூட்டம் நடந்ததே தெரியாதுங்கக்கா" என்றாள்.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். குழாயடியில் ஒவ்வொருத்தியும், "எங்க வூட்டு ஓட்டு உங்களுக்குத்தாங்க" என்கிறாள். அத்தனையும் உண்மையென்றால் சுமதியின் குடம் காலியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

முருகேசன் சாப்பிட வந்தார். உட்கார்ந்ததும், "அம்மன் மேல சத்தியமா உங்களுக்குத்தான் போட்டேங்க அண்ணி" என்றார். நான் கேட்கவே இல்லை, மாமா. சோறுதான் போட்டேன். அவர் தக்காளி முழுக்க சுமதி புருஷனின் மண்டிக்குத்தான் போகிறது. கேட்காமலே சத்தியம் செய்கிற ஆளை நம்புவதா? நான் வளர்த்த பிள்ளையை இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சந்தேகம் இப்போது உங்கள் மேலும் வந்துவிட்டது. என் சிநேகிதி பச்சையம்மா இதே ஊர்த் தேர்தலில் வார்டு மெம்பருக்கு நின்ற வருஷம், அவளுக்குப் போடுங்கள் என்று வாசல்வரை வந்து சொன்னேன். "ஆகட்டும்" என்று துண்டை உதறிக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து, "முடிஞ்சுது, சோத்தப் போடு" என்றீர்கள். பச்சையம்மா தோற்றாள். நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. யாருக்குப் போட்டீர்கள், மாமா? இருபது வருஷம் நம் வீட்டு ஓட்டைப் போட்டீர்களே, அதில் ஒன்றாவது என்னுடையதா?

உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் இது இப்படி வலிக்கிறது.

நாளைக் காலை பாலக்கோடு போய் மனு கொடுக்கப் போகிறேன். ஊர் முடிவை மீறினால் திருவிழாவுக்கு நம் வீட்டு வரியை வாங்க மாட்டார்களாம். அப்படி என்றால் நாம் இந்த ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். பயமாகத்தான் இருக்கிறது. முருகேசனே, "வேணாங்க அண்ணி, ஊரப் பகைச்சிக்காதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். என் நல்லதுக்கா, மண்டிக்கா? அதுவும் தெரியவில்லை.

எத்தனை பேர் ஓட்டுப் போட வருவார்கள், வந்தவர்கள் யாருக்குப் போடுவார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நானே போவேன். ஜெயித்தாலும் தோற்றாலும், எனக்கு விழுந்த ஓட்டில் ஒன்றைப் பற்றி நான் யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்காது. அதை நிச்சயம் போட்டுவிட்டு வருவேன், மாமா.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
வேட்பாளர் சாலம்மா