ஹேண்டிலில் கட்டிய மஞ்சள் துணி

20.1.1979, சனி

பள்ளி அரை நாள். வேம்பு அக்கா டீக்கடையில் எனக்கு வழக்கமான வேலை: போன வருடம் மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடந்த பைக் ரேஸ் செய்தியை மறுபடியும் வாசித்துக் காட்டுவது. அந்த ஆங்கிலப் பேப்பர் துண்டு நாலாகக் கிழிந்துவிட்டது. சோற்றால் ஒட்டி, இந்த நாட்குறிப்புக்குள் வைத்திருக்கிறேன். தகுதிச் சுற்றில் ஓடியவை பதினாறு பைக்குகள். முதல் பன்னிரண்டுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ரேஸில் இடம். கண்ணையன் மாமா பதினாலாவது.

மாமா அம்மாவின் தம்பி. அமிர்தலிங்கம் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். இருவருமாக, லாரி மோதி நசுங்கிய ஒரு பைக்கை நிமிர்த்தி ரேஸ் வண்டி ஆக்கியிருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து போவது இந்த ஒரு வண்டிதான்.

"பதினாலுன்னு ஏன் சொல்ற? கடைசிக்கு ரெண்டு மேலன்னு சொல்லு," என்றார் நடராசன். இவர் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்காரர். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும், புருவத்தில் தூளோடு, அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்குவார். இந்த வாக்குவாதத்துக்காகவே வருகிறார்.

"ஜெயிச்ச கோயமுத்தூர்க்காரனுக்கு வெளிநாட்டு டயருங்க. நம்ம வண்டிக்கு என்ன இருக்கு?" என்றார் அமிர்தலிங்கம் அண்ணன்.

"உங்க வாயி இருக்கு," என்றார் வேம்பு அக்கா. "ஒரு வருசமா டயரு டயருன்னுட்டு. இவன் வளைவுல பயந்துட்டான், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "இந்தத் தடவ உள்ள போறேன். இல்லாட்டி வண்டிய எடைக்குப் போட்டுடுறேன்," என்றார்.

21.1.79, ஞாயிறு

விடியும்போதே சிறுவாச்சூர் சாலை. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை. அமிர்தலிங்கம் அண்ணன் அங்கே துண்டை வீசுவார். நான் இங்கே டிரில் மாஸ்டரின் ஸ்டாப் வாட்சை அழுத்த வேண்டும். 43 வினாடி. 43½. 44. போகப் போக மோசம்.

"கண்ணு பட்டிருக்கு. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் தாயிகிட்ட போயிட்டு வந்துருவோம்," என்றார் நடராசன்.

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. இந்தச் சாலையில் வளைவே கிடையாது. வளைவில்தான் போன வருடம் தோற்றோம். அப்படியிருக்க நேர்ச்சாலையில் பழகி என்ன பயன்? யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

26.1.79, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம், ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். பிறகு சிறுவாச்சூர் கோயில். திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறப்பதால் நிற்க இடமில்லை. மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணி ஒன்றைப் பூசாரி கொடுத்தார்.

"மலர்கொடி கட்டட்டும். கன்னிப்பொண்ணு கை," என்றார் நடராசன், என்னைக் காட்டி. ஹேண்டிலில் ஒரு முனை, அதன் கீழே அசையாத குழாயில் மறுமுனை. "அந்த ஆக்ஸிலேட்டர் கேபிளையும் சேத்து சுத்து பாப்பா, அவுராது," என்றார். சேர்த்தே சுற்றினேன். மூன்று முடிச்சு. விரல்கள் இன்னும் மஞ்சளாக இருக்கின்றன.

28.1.79, ஞாயிறு

40½! அப்புறம் 40!

நடராசன் சாலையிலேயே விழுந்து கும்பிட்டார். நேற்று முழுக்க அமிர்தலிங்கம் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அண்ணனே சொல்லவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வர மாமா ஹேண்டிலை இடது பக்கம் முழுதாக ஒடித்தார். ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை, என்ஜின் தானாக உறுமியது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும். வலது பக்கம் திருப்பினால் இல்லை.

"உறுமுறா பாரு! தாயி ஏறி உக்காந்துட்டா!" நடராசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துணி காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஹேண்டில் திரும்பும்போது அது கேபிளை இழுக்கிறது. அவ்வளவுதானே? என் கண்ணுக்கே தெரிகிறதே?

30.1.79, செவ்வாய்

மாமாவிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. "நீ சொல்றது சரிதான்டி. ஆனா ரேஸ்ல ஹேண்டில இவ்வளவு ஒடிக்க மாட்டோம். சாஞ்சுதான் திரும்புவோம். ஒண்ணும் ஆவாது."

"சறுக்கினா?" என்றேன்.

மாமா, துடைத்து முடித்த ஸ்பானரை மறுபடியும் துடைத்தார். அமிர்தலிங்கம் அண்ணன்தான் குறுக்கே வந்தார்: "மூணு செகண்டு குறைஞ்சிருக்கு. இப்பப் போயி அவுக்கச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?"

4.2.79, ஞாயிறு

39½. முடிச்சு கல்லாகிவிட்டது. நகம் இறங்கவில்லை.

8.2.79, வியாழன்

சோழவரம் போக மதியம் லாரியில் வண்டி ஏறுகிறது. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தேன். எல்லோரும் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பென்சில் சீவும் பிளேடு. முடிச்சை அறுத்துவிட்டேன். கேபிள் விடுபட்டு ஊஞ்சல் மாதிரி ஆடியது.

சாமி துணியைக் கீழே போட மனம் வரவில்லை. இந்த நாட்குறிப்புக்குள், 28ஆம் தேதிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குற்றம் என்றால் எனக்கே வரட்டும்.

10.2.79, சனி

எதை முதலில் எழுதுவது?

சோழவரத்தில் இன்று தகுதிச் சுற்று. நாலு மணிக்கு ரைஸ் மில் போனுக்கு டிரங்க் கால். கடைக் கூட்டமே அங்கே நின்றது. மாமா என்னைத்தான் கூப்பிட்டார். "மலரு, நாலாவது! பதினெட்டு வண்டியில நாலாவது!" பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் துணி வழியில எங்கயோ வுழுந்துடுச்சுடி. நடராசண்ணன்கிட்ட சொல்லிடாத, அழுதுருவாரு," என்று சிரித்தார்.

நான் அறுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே நடராசன் நின்றார்.

வேம்பு அக்கா கடைப் பலகையில் என்னை எழுதச் சொன்னார்: கண்ணையன், 4. வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். "பயந்துட்டான்னு சொன்ன வாயி எங்க?" என்று அமிர்தலிங்கம் அண்ணனின் தம்பி கேட்க, "இந்தா இருக்கு, சக்கரை போடு," என்று வாயைத் திறந்து காட்டினார் அக்கா. பெருமையில் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே சொன்னாள்: "நடராசன் வந்தாரு. மெட்ராசுக்குக் கிளம்பிட்டாரு. நாளைக்கு நேருல பாக்கணுமாம். அங்க காட்டணும்னு அந்தப் பேப்பர் துண்ட கேட்டாரு, உன் நோட்டுலேருந்து எடுத்தேன். தாயி துணி உள்ள கெடக்கு! மறந்து போட்டுட்டுப் போயிருக்கானுவ. நல்ல வேளை, குடுத்து அனுப்பிட்டேன்."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்தப் பக்கத்தில்தான் எல்லாம் எழுதியிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். பஸ் போய்விட்டது. தபால் ஆபீஸ் பூட்டியிருந்தது. மில்லில் போனைக் கேட்டால், எந்த நம்பருக்குப் போடுவது என்கிறார்கள். மாமா எங்கிருந்து பேசினார் என்றே யாருக்கும் தெரியவில்லை.

11.2.79, ஞாயிறு

எட்டு மணிக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை: துணியைக் கட்ட வேண்டாம். "என்ன துணி பாப்பா?" என்று கேட்டார் எழுதியவர். முகவரி: கண்ணையன், பைக் ஓட்டுபவர், ரேஸ் மைதானம், சோழவரம். அது போதுமா?

ரேஸ் மூன்று மணிக்கு.

மூன்று.

இப்போது நாலரை. மில் போன் அடிக்கவில்லை.

12.2.79, திங்கள்

இரண்டாவது சுற்று. வலது வளைவு. வண்டி கொஞ்சம் சறுக்கி, அதைச் சமாளிக்க ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினாராம். "வேகத்தைக் குறைக்கற எடத்துல கூட்டிட்டான். ஏன்னே தெரியல," என்கிறார் நடராசன். அவர் சட்டையெல்லாம் ரத்தம். துணியை இவர்தான் கட்டினாராம். "நாலாவது வந்துட்டேன், எதுக்குண்ணே?" என்று மாமா சொன்னாராம். ஆனால் சுற்றி அத்தனை பேர், மறுக்க முடிந்திருக்காது.

உயிர் இருக்கிறது. கால்தான். ஆஸ்பத்திரியில்.

தந்தி ரசீதை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்தேன்.

10.6.79, ஞாயிறு

நாலு மாதமாக எழுதவில்லை. ஸ்டாப் வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாமா வந்து பத்து நாளாகிறது. வலது முழங்கால் மடங்காது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு, காலை நீட்டியபடி கார்புரேட்டர் வேலை மட்டும் பார்க்கிறார். கடையில் ரேஸ் பேச்சு இல்லை. பலகையில் '4' அழியாமல் இருக்கிறது. யாரும் அழிக்கவும் இல்லை.

இன்று அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அப்போது யாரோ ஒருவர் புது பைக்குக்குப் பூஜை போட்டுவிட்டு வந்தார். ஹேண்டிலில் மஞ்சள் துணி. மாமா கம்பை ஊன்றி எழுந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடது பக்கம் கடைசி வரை திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். வலது பக்கம் திருப்பினார். கேட்டார். பிறகு கேபிளைத் துணிக்கு வெளியே எடுத்துவிட்டு, முடிச்சை அவரே மறுபடி போட்டார்.

உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். என் தந்தி. வண்டி விழுந்து இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். "நோட்டுலயே வச்சுக்க," என்றார்.

சாயங்காலம் வீட்டில் அம்மா பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அன்னிக்கு மட்டும் அந்தத் துணிய நான் குடுத்து அனுப்பலன்னா, இவன் இன்னிக்கு இருந்திருப்பானா? ஏன்டா தம்பி?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார்.

"ஆமாக்கா," என்றார்.