இன்னும் அரைக்கட்டை

ரொசாரியோ,
3 மார்ச் 2019

அன்புள்ள அனிபால்,

இல்லை, கோபம் இல்லை. கோபம் இருந்தால் மலையேறி வந்து உன் கதவை உடைத்திருப்பேன். தொலைபேசியில் உனக்குக் காது கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஒத்திகை. உன் இடத்தில் வந்திருக்கும் கிதார்காரி மைலேன், பழைய இசைத்தட்டோடு ‘மழைக்கு முன்’ பாட்டை வாசித்துப் பார்த்திருக்கிறாள். “நெலிடா, தட்டுல ரெண்டு கட்டை மேல பாடியிருக்கீங்களே! எப்ப இறக்கினீங்க?”

நான் என் தட்டுகளைக் கேட்பதில்லை, உனக்குத் தெரியும். போன வாரம்தான் வானொலியில், “நாப்பது வருஷமா அதே சுருதி” என்று பீற்றிக்கொண்டேன்.

மேடைக்கு முன் என் கிதாருக்குச் சுருதி சேர்த்தது நீ மட்டும்தான். வேறு யாரையும் தொடவிட்டதில்லை. இப்போது மைலேன் சேர்ப்பதும் நீ எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து.

ஏப்ரல் நிகழ்ச்சியை ரத்து செய்யப் போகிறேன். அதற்கு முன் உண்மையைச் சொல்.

நெலிடா


கபிலா,
11 மார்ச்

என் சண்டைக்காரிக்கு,

நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அரைக்கட்டை.

முதல் முறை 1991, துக்குமான் நகரில். முந்தைய நாள் உச்சத்தில் உன் குரல் உடைந்தது. பூட்ஸைச் சுவரில் வீசி, “இனிமே அந்தப் பாட்டே கிடையாது, போ!” என்றாய். மறுநாள் தொய்வு தெரியாதபடி உன் கிதாருக்குத் தடித்த தந்தி மாட்டி, என் கிதாரையும் சேர்த்துச் சுருதியை இறக்கினேன். “என்னடா இது, கப்பல் கயிறா?” என்றாய். “நல்லா உழைக்கும்” என்றேன். யாரையும் நம்பாதவள், நம்பிவிட்டாய்.

ஆனால் ஒன்று. அதுவரை அந்தப் பாட்டுக்கு ஜனங்கள் வாய் பிளந்து நின்றார்கள். உன் உயரத்துக்கு யார் வர முடியும்? அன்றுதான் முதன்முதலாகக் கூடப் பாடினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. நீ மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாய். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். காது போன பிறகும் எனக்குள் கேட்பது அந்தச் சத்தம்தான்.

மறைத்தது தப்பு. இறக்கியது தப்பில்லை.

அனிபால்


ரொசாரியோ,
20 மார்ச்

ஒல்லிக்குச்சி,

புகழ் வந்ததால் ஜனங்கள் சேர்ந்து பாடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இருபத்தெட்டு வருடம்! உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன். குடிக்க வைத்திருந்த மாத்தே தேநீர் ஆறிப்போயிற்று.

வானொலிக்குப் போன் செய்தேன். “அதே சுருதி இல்ல. எனக்கே தெரியாம அனிபால் இறக்கி வச்சிருக்கான்.”

“அப்ப உங்களை ஏமாத்திட்டாரா?” என்றான் அறிவிப்பாளன்.

“போடா. தாங்கிப் பிடிச்சிருக்கான்.”

ஏப்ரல் 13, சனிக்கிழமை. பாடுகிறேன். மேடையில் என் பக்கத்தில் உனக்கு நாற்காலி. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார். ஜனம் பாடும்போது பலகை உன் காலுக்குச் சொல்லும்.

உன்,
நெலிடா

பி.கு.: உச்சம் இன்னும் இழுக்கிறது. இன்று காலை கிதாரை மடியில் வைத்து, ஆறு தந்திகளையும் நானே இன்னும் அரைக்கட்டை இறக்கினேன்.