முதுகுக்கு நேர்ந்த மாம்பழம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து கடற்காற்று. பல்கனிக் கயிற்றில் காயப்போட்ட சேட்டு இரண்டு கீழ்வீட்டுக்குப் போய்விட்டன. ஞாயிறு பத்திரிகைக் கட்டுரை, 800 சொல், பத்து மணிக்கு அனுப்பியாயிற்று. லிஃப்ட் இன்றும் வேலையில்லை.

பிற்பகல் கொட்டாஞ்சேனை, மருந்துக்கு வழக்கமான பாமசி. வீடு இருக்கும் வெள்ளவத்தையில் வாங்குவதில்லை, காலி வீதிப் பாமசி ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவருக்கு என்னைத் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. கண்ணாடி போட்ட பாமசிப் பெண், நான் வாய் திறக்கமுன்:

"சேர், டாக்டர் துண்டு இல்லாம இனி தரமாட்டேன்."

"இது கடைசித் தடவை, மிஸ்."

"போன செவ்வாயும் கடைசின்னுதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின செவ்வாயும். ஒங்களுக்கு எத்தின கடைசி சேர்?"

பின்னால் நின்றவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்ததுதான் அவமானம். மருந்துப் பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து, பம்பலப்பிட்டியில் ஒரு கிளினிக்கின் விலாசம் எழுதித் தந்தாள். "நல்ல டாக்டர். ஏசமாட்டாங்க."

முதுகு ஒப்பரேஷனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை, ட்ரமடோல். இப்போது இரண்டு வருஷமும் நாலு மாதமும். நாளுக்கு மூன்று. பழைய நோட்புக் பெட்டிக்குள் இன்னும் நான்கு அட்டை உண்டு.

வீட்டில் மனைவி வசந்தி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டி வைத்திருந்தாள். "கூட்டமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் ஒரு கீற்றும் தொடவில்லை. போன வருஷமும் தொடவில்லை. நீரிழிவுக்குப் பயம் போல. எனக்கும் ருசிக்கவில்லை. ஒன்றும் ருசிப்பதில்லை.

ஜூன் 4, புதன்

திருத்தம்: நேற்று "நாளுக்கு மூன்று" என்று எழுதியது பிழை. ஆறு.

யாரும் வாசிக்காத கொப்பியிலும் பொய். முப்பத்துநாலு வருஷம் மற்றவர்களுடைய எண்களை இரண்டு இடத்தில் விசாரித்து எழுதியவன்.

ஜூன் 5, வியாழன்

கிளினிக். டாக்டர் நிலானி, வயது நாற்பது இருக்கும். மேசையில் பாதி கடித்த மாலு பணிஸ், உள்ளே மீன் தெரிய. உட்கார்ந்ததும் என் கை தானாகப் பைக்குள் போய் நோட்புக்கை எடுத்தது. பிறகு கேள்விகள். எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள், எந்த வயது, ஏன் திடீரென்று நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும். நாற்பது நிமிடம். எல்லாம் நல்ல பதில்கள். அவருடைய பெயரை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்தேன். நன்றி சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் வெள்ளவத்தைச் சந்தையடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வைத்தியம் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

மழை. மீதி ஒரு அட்டை. மறுபடி கிளினிக், நோட்புக்கை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

"கட்டுரை எப்ப வரும், சேர்?"

"கட்டுரை இல்லை, டாக்டர். அண்டைக்குக் கேட்டதெல்லாம் எனக்காகத்தான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"வேர்த்து வேர்த்து எழுதினீங்கள். ஏசி பதினெட்டில இருந்தது."

எத்தனை என்று கேட்டார். ஆறு என்றேன், சத்தமாக, முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. அவர் "சரி" என்று எழுதிக்கொண்டார், வயது கேட்டு எழுதுவதுபோல.

முறை: துண்டு அவர் எழுதுவார். மெதுவாகக் குறைப்பது, எப்போது குறைப்பது என்று அவர்தான் சொல்வார். ஒரு நிபந்தனை. மாத்திரை என் கையில் இருக்கக்கூடாது. வீட்டில் ஒருவர் வைத்திருந்து எண்ணித் தரவேண்டும்.

"வீட்டில ஆர் இருக்கினம்?"

"மனிசி."

"அவவுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப இண்டையான் வீட்டுவேலை அதுதான்."

ஜூன் 10, செவ்வாய்

நேற்றுச் சொல்லவில்லை. இன்று காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு சொன்னேன். செய்தி எழுதும் முறையில், முக்கியமானது முதல் வரியில்.

வசந்தி (இனி வ.) மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். பிறகு:

"அப்ப செவ்வாய்க்கிழமையில கொட்டாஞ்சேனைக்குப் போனது?"

"பாமசிக்கு."

"கோயிலுக்கு இல்லையோ?"

செவ்வாய்தோறும் அந்தப் பக்கம் அந்தோனியார் தேவாலயத்துக்குப் போகிற கூட்டத்தில் எங்கள் சைவச் சனமும் நிறைய. நானும் முதுகுக்காக நேர்ந்து போகிறேன், வெளியே சொல்ல வெட்கப்படுகிறேன் என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள். "கூட்டமோ" என்று கேட்டது கோயிலில். நான் ஓம் என்றது பாமசியில்.

"நான் அக்காவுக்கும் சொல்லிப்போட்டன். அவவுக்கு இப்ப உங்களில சரியான மரியாதை."

எழுந்து கோப்பையைக் கழுவப் போனேன். 

"நீங்கள் தனிய நேர்த்தி பிடிக்கக் கூடாது எண்டு நானும் நேர்ந்தனான். உங்கட முதுகு சுகமாகுமட்டும் மாம்பழம் தொடுறேல்லை எண்டு."

இது இரண்டாவது மாம்பழக் காலம். மாம்பழத்துக்குப் பேர்போன சாவகச்சேரியில் பிறந்தவள். பாமசி வரிசையில் நின்ற ஒருவனுக்காக.

"எனக்குக் கோவம்," என்றாள். "சரியான கோவம். பொறுங்கோ, முதல் சிரிச்சு முடிக்கிறன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொண்டாங்கோ அந்தப் பெட்டியை."

மாத்திரைகள் இப்போது அவளுடைய டியூசன் பைக்குள். பைக்குப் பூட்டு. கணக்கு ரீச்சர், எண்ணிக்கை தவறாது. இன்று முதல் ஐந்து.

ஜூன் 13, வெள்ளி

தும்மல்: 11. கொட்டாவி: எண்ணிக்கை கைவிடப்பட்டது. மூக்கால் ஓடுகிறது. கால் சும்மா இருக்க மறுக்கிறது. டாக்டர் தொலைபேசியில்: எதிர்பார்த்ததுதான், தண்ணீர், நடை, பொறுமை. மாலையில் கடற்கரை வீதியில் பம்பலப்பிட்டி வரை நடந்து திரும்பினோம். முகமெல்லாம் உப்பு.

முன்பக்கச் செய்தி: இரண்டு வருஷத்துக்குப் பிறகு வயிறு தானாக, ஒழுங்காக, காலை ஏழு மணிக்கு. குளியலறையிலிருந்து பாடிக்கொண்டு வந்தேனாம்.

வ.: "இதுக்கும் அந்தோனியாரிட்டப் போகவேணுமோ?"

ஜூன் 22, ஞாயிறு

ஒப்புதல். வெள்ளி முதல் நான்காகக் குறைத்தார் டாக்டர். அன்றே சந்தையில் மாம்பழக்காரர், "அண்ணை, யாழ்ப்பாண லொறி இன்னும் மூண்டு நாலு கிழமைதான்" என்றார். கணக்குப் போட்டேன். டாக்டரின் வேகத்தில் போனால் மாம்பழக் காலம் முடிந்துவிடும், வ.வுக்கு இந்த வருஷமும் இல்லை. அதனால் இரண்டு நாளாக, அவள் எண்ணித் தந்த நான்கில் இரண்டைக் கழுவுதொட்டிக்குள் போட்டேன். டெட்லைனுக்கு முடித்துப் பழகியவன் செய்யும் முட்டாள்வேலை.

இன்று நடுக்கம், வயிற்றோட்டம், கையில் மயிரெல்லாம் குத்திட்டு நிற்கிறது, முதுகெல்லாம் உளைவு. வ. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து டாக்டரை ஸ்பீக்கரில் எடுத்தாள்.

"சேர், இது பேப்பர் இல்லை. சொன்ன நாலுக்குத் திரும்புங்கோ. பயந்த ஆக்களைச் சமாளிச்சிடுவன். கெட்டிக்காரர்தான் எனக்குக் கரைச்சல்."

ஏசமாட்டார் என்று சொன்ன பாமசிப் பெண்ணின் தகவல் பிழை.

வ. போர்வையை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "மாமரம் அடுத்த வருஷமும் காய்க்கும். உங்கள மாதிரி இன்னொண்டுக்கு நான் எங்க போறது?"

இனி ஒவ்வொரு மாத்திரையும் அவள் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். "வடிவாத் திறவுங்கோ. ஆ... பாஸ்."

ஜூலை 1, செவ்வாய்

மூன்று. தும்மல் ஒன்றிரண்டு. மணம் திரும்பிவிட்டது! கீழ்வீட்டில் கருவேப்பிலை தாளித்தது மூன்றாம் மாடிக்கு வந்து என்னை எழுப்பியது. ரயில் போன பிறகு தண்டவாளத்தின் மணம். வ.வின் தலையில் நல்லெண்ணெய். இவ்வளவும் இத்தனை நாள் எங்கே இருந்தன.

இருவரும் கொட்டாஞ்சேனை. பாமசியில் துண்டை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வாசித்தாள்.

"அப்ப இது கடைசி இல்லையா, சேர்?"

"இல்லை மிஸ். இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அப்பாடா. இப்பத்தான் உண்மை பேசுறீங்க." வ.வைப் பார்த்து, "மேடம், சேர் சொன்ன கடைசியெல்லாம் சேர்த்து வச்சிருந்தா ஒரு புத்தகம் போடலாம்."

பிறகு கோயில். உண்மையிலேயே சரியான கூட்டம். மெழுகுதிரி கொளுத்தினேன்.

"இப்ப அக்காவுக்குச் சொன்னது பொய்யில்லை," என்றாள் வ., பெரிய நிம்மதியுடன்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு. போன வெள்ளியிலிருந்து. டாக்டர்: அவசரமில்லை, இது இன்னும் சில கிழமை.

லிஃப்ட் இன்றும் இல்லை. சந்தையிலிருந்து பத்துக் கிலோ அரிசி, தோளில், மூன்று மாடி. வ. கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதுகு?"

"எந்த முதுகு?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் கேட்டது. அரிசியை இறக்கினேன். குனிந்தேன். நிமிர்ந்தேன். அவள் திரும்பவும் குனியச் சொன்னாள், குனிந்தேன். ஒன்றும் இல்லை.

"நான் நேர்ந்தது முதுகுக்கு," என்றாள் மெதுவாக. "மாத்திரைக்கு இல்லை."

"நேர்ந்த சொல்லை அப்பிடியே சொல்லும்."

"'முதுகு சுகமாகுமட்டும்.'"

"வேற ஒண்டும் சேர்க்கேல்லையே?"

"இல்லை."

ஒரு ஆளின் வாய்ச்சொல் போதாது. நேர்ந்த அன்றே வ. சொல்லிவைத்திருந்த அக்காவுக்கு அழைத்தோம். அக்கா தூங்கி எழுந்த குரலில் அதே சொல்லைச் சொல்லி, "ஏன், அவருக்கு என்ன?" என்றார்.

"அவர் படியால இறங்கி ஓடுறார்," என்று வ. சொன்னது இரண்டாம் மாடியில் எனக்குக் கேட்டது.

மாம்பழக்காரரிடம் ஐந்துதான் மீதி. லொறி இனி வராது என்றார். ஒன்றுதான் கனிந்திருந்தது. அதை மேசையில் வைத்து வெட்டப் பொறுமையில்லை. வீட்டுக் கழுவுதொட்டியடியில் நின்றபடியே, தோலை உரித்துச் சாப்பிட்டோம். எனக்கு முதல் கீற்றுத் தந்தாள். இனித்தது. இப்படி இனித்து இரண்டு வருஷமும் ஐந்து மாதமும். அவளுக்குச் சாறு முழங்கை வரை வழிந்தது; கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு கொட்டை. எனக்குத் தாரும் என்றேன்.

"ரெண்டு வருஷம்," என்றாள், வாய் நிறைய.

தரவில்லை.