தெருவைக் காத்தவனும் ஆறு மணி ரயிலும்

புதன்
காலையிலிருந்து தூசிக் காற்று. ஜன்னல் திறக்கவில்லை. இருமல்.

வெள்ளிக்கிழமைப் படத்துக்கு நான்தான் பேச வேண்டுமாம். சிறிலின் முடிவு. துபாய், தேராவில் அவருடைய வீட்டில்தான் வாராவாரம் கூடிப் படம் பார்க்கிறோம். எழுபதுகளின் அமெரிக்கப் படம். நாயகனும் கறுப்பர், அன்று பார்க்க வந்தவர்களும் கறுப்பர், இலாபம் மட்டும் பெரும்பாலும் வெள்ளைத் தயாரிப்பாளர்களுக்கு. போதைமருந்து, லஞ்சப் பொலிஸ், துப்பாக்கி.

"மெசேஜ் என்ன எண்டு பத்து நிமிசம் சொல்லுங்கோ அண்ணை, காணும்."

மறுக்கத் தெரியவில்லை.

பத்மா ரீச்சருக்கு இது கடைசிக் கூட்டம். ஞாயிறு காலை விமானம். ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்கே போகிறார். இனி வரமாட்டார்.

வியாழன்
படம் இரண்டாம் முறை. குறிப்பு: இராணுவத்திலிருந்து திரும்புகிறான். தெரு போதை வியாபாரிகள் கையில். தம்பி அதனாலேயே செத்திருக்கிறான். ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். சலவைக்கடைப் பெண் அவனைக் கூப்பிடுகிறாள்: ஆறு மணி ரயில், இருவரும் போய்விடலாம். இன்னும் ஒருவன் பாக்கி என்று நின்றுவிடுகிறான். முடிவில் தெரு சுத்தம். அவள் இல்லை. திரையில் பெரிய எழுத்து: உங்கள் தெருவுக்குள் விஷத்தை விடாதீர்கள்.

அதுதான் செய்தி என்றால் எனக்கு ஏன் மனம் ஆறவில்லை? துப்பாக்கிக்கு அஞ்சாதவன் ஒரு பெண்ணோடு ரயிலேற அஞ்சினான் என்றே படுகிறது. அல்லது என் குறையை அவன் தலையில் கட்டுகிறேனோ.

வெள்ளி
நல்ல கூட்டம். நாயகன் வெள்ளை முதலாளியை முகத்துக்கு நேரே ஏசும் இடத்தில் முருகேசன் எழுந்தே நின்றுவிட்டார். கட்டட வேலை, இராமநாதபுரத்துக்காரர்.

"நம்ம விசா முதலாளி, அந்த கஃபீல்கிட்ட இப்படிப் பேசினா அன்னைக்கே கலாஸ்ணே, ஊருக்கு ஃப்ளைட்டுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பத்மாவும்.

என் பேச்சு: விஷம், தெரு, சமூகப் பொறுப்பு. ரயில் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைதட்டினார்கள்.

வழமைபோல பத்மாவுடன் படகில் அக்கரை வரை; அவர் வீடு அங்கே. அக்கரையில் எனக்கு எந்த வேலையும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"நீங்கள் நினைச்சது அது இல்லைத்தானே?"

"எது?"

"தெரு, விஷம். நான் அந்தப் பெட்டையைத்தான் யோசிச்சன். ஸ்டேசனில எவ்வளவு நேரம் நிண்டிருப்பாள்?"

படகுக்காரனுக்குச் சில்லறை எண்ணினேன். கரை வந்துவிட்டது.

சனி
தூசி அடங்கியது. சட்டை இஸ்திரி. தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன்.

மனைவி இறந்தபின் இப்படி யாரையும் எதிர்பார்த்ததில்லை. இந்த வயதில் சிரிப்பார்கள். யார் என்று எண்ணிப் பார்த்தேன். மகள், கனடாவில். சிறில். வேறு ஒருவரும் இல்லை.

ஞாயிறு
விமான நிலையம் போனேன். பத்மா வரிசையில். தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகள். வாயைத் திறந்தால் வந்த கேள்வி:

"பெட்டி நிறுத்துப் பாத்தனீங்களோ?"

"ரெண்டு கிலோ கூட. இதைக் கேக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"இல்லை."

வரிசை நகர்ந்தது. வண்டியை நானும் சேர்ந்து தள்ளினேன்.

"எனக்கு உங்களோட இருக்க விருப்பம்."

அவர் கடவுச்சீட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"விருப்பம் காணாது. ரிக்கெற் எடுக்கவேணும்."

சிரித்தாரா, தெரியவில்லை. உள்ளே போகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேனா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.