ஒரு சம்பள வீடு

ஜூன் 3, செவ்வாய்

இன்று வண்டி ஓட்டக் கற்க வந்தவர்களில் ஒருவர் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து என் இடுப்பை ஒடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் மனைவி சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இடம் கிடைச்சிடுச்சுங்க."

பிரசவம் பார்க்கும் நர்ஸுக்கான ஓராண்டுப் படிப்பு. பல வருடமாகப் பொது வார்டில் ஊசி போடுகிறாள், கட்டுப் போடுகிறாள். மனசு முழுக்கப் பிரசவ வார்டில்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டால் இந்தப் பக்கம் நின்று தானாகச் சிரிப்பாளாம். கூட வேலை செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் விடுப்புத் தருவார்கள். சம்பளம் தரமாட்டார்கள்.

"வேணாங்க. ஒரு சம்பளத்துல மூணு பேரு எப்படி?" என்றாள். ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்ட குரல்.

"வீட்டை நான் பாத்துக்கறேன். நீ சேரு."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். என்னத்தைப் பார்ப்பேன்? உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாதே.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"டேய், அவ புத்தகத்தைப் பிடிப்பா, நீ கரண்டியப் பிடிப்பியா? ரெண்டு மாசம் தாங்காது. அப்புறம் என்கிட்டதான் வந்து நிப்ப."

இவள் உள்ளே இருந்தாள். காதில் விழுந்திருக்கும். நானும் சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன்? அவர் போன பிறகு சமையலறைக்குப் போய் உப்பு டப்பாவைத் தேடினேன்.

ஜூலை 9, புதன்

முதல் மாதம். அடி வாங்கிவிட்டேன்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிப் போட்டேன். பாதி அழுகியது. மீதிப் பாதி எப்போது அழுகும் என்று பயந்து மூன்று வேளையும் வெங்காயம். சலுகை விலை சோப்புத் தூள் துணியைவிட என் கையைத்தான் நன்றாக வெளுத்தது. தண்ணீர் பில் வேறு எகிறி நிற்கிறது. எதனால் என்று புரியவில்லை.

இவள் கோபப்படவில்லை. "வீட்டுல என்ன இருக்குன்னு பாத்துட்டுக் கடைக்குப் போங்க. அவ்வளவுதான்," என்றாள்.

அவ்வளவுதானாம்!

ஜூலை 27, ஞாயிறு

மகளுக்கு நானே முடி வெட்டிவிட்டேன். வயது பன்னிரண்டு, ஆனால் வாய் நீதிமன்றத்தில் இருக்க வேண்டியது. அதனால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர்.

இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. சரி செய்ய வலது பக்கத்தைக் குறைத்தேன். இப்போது அது ஏறிவிட்டது.

வக்கீல் கண்ணாடியைப் பார்த்தாள். "அப்பா, இது முடியா, மாடு மேஞ்ச புல்லா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஜூலை 28, திங்கள்

கடையில் போய்ச் சரிசெய்து வந்தோம். வெட்டுவதற்கு ஆகும் செலவைவிட என் வேலையைத் திருத்துவதற்கு அதிகம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்.

இவள் விடியற்காலையில் எழுந்து படிக்கிறாள். மச்சம் இருக்கும் நெற்றியைத் தேய்த்தபடி, புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வயதாகிறது, கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் தேர்வில் குறைவாக வாங்கியிருந்தாள். "தலைவலிங்க, எழுத்தே கலங்குது," என்றாள். அதற்கும் எனக்கு உறைக்கவில்லை.

வக்கீல்தான் என்னைக் கூண்டில் ஏற்றினாள்.

"அம்மா மேஜைக்கு மேல இருந்த பல்பை யாரு மாத்தினது?"

"நான்தான். சின்னது போட்டேன். கரண்டு மிச்சம்."

"எதுக்கு மிச்சம்?"

"அம்மா படிக்கறதுக்குத்தான்…"

சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. வக்கீல் நிமிர்ந்து அந்தச் சின்னப் பல்பைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

அம்மா படிக்க வேண்டும் என்றுதானே இத்தனை சிக்கனமும். அவள் படிக்கிற வெளிச்சத்திலேயே கை வைத்திருக்கிறேனே! இவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. நான் படுகிற பாட்டைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறாள். அது இன்னும் கொடுமை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நல்ல மேஜை விளக்கு ஒன்று வாங்கி வந்தேன். பேரம் பேசவில்லை.

வக்கீல் விடவில்லை. சாப்பிடும்போது அடுத்த விசாரணை. "நீங்க மத்தியானம் எங்க சாப்பிடறீங்க?"

"ஓட்டல்ல."

"டீ?"

"கடையில."

"தனியாவா?"

தனியாக எங்கே. கூட வேலை செய்கிற இரண்டு பேருக்கும் பெரிய மனுஷன் மாதிரி நான்தான் காசு நீட்டுவேன். வீடு முழுக்க விளக்கை அணைத்துக்கொண்டு அலைந்தவன், ஓட்டை என் சட்டைப் பையிலேயே இருப்பதைப் பார்க்கவில்லை.

இவள் குனிந்து சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

நாளையிலிருந்து வீட்டுச் சாப்பாட்டு டப்பா.

செப்டம்பர் 11, வியாழன்

வெற்றி! வெற்றி!

தண்ணீர் பில் மறுபடியும் எகிறியிருந்தது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் மெதுவாக நகர்கிறது. வீட்டில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை, பிறகு யார் குடிக்கிறார்கள்? குழாய்க்காரரிடம் போனில் கேட்டேன். "டாய்லெட் டேங்க்கா இருக்கும். துணிக்குப் போடற நீலத்தை அதுல கரைச்சு விடுங்க. ஃப்ளஷ் அழுத்தாதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பீங்கான்ல நீலம் தெரிஞ்சா ஒழுகுதுன்னு அர்த்தம்," என்றார்.

கரைத்தேன். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். பீங்கானில் நீல நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் இத்தனை மாதம் எங்கள் காசு அந்த வழியாகப் போயிருக்கிறது!

உள்ளே ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. நானே மாற்றப் போனேன். தண்ணீரை நிறுத்த மறந்து ஸ்பேனரை வைத்தேன். பிறகென்ன, குளியலறை முழுக்க நீலம். நான் நீலம். கதவைத் திறந்து பார்த்த வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜூலைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு மனசு விட்டுச் சிரித்தாள்.

ஆனால் ஒழுக்கு நின்றது. மீட்டர் முள் அசையவில்லை. மூன்று பேரும் போய் நின்று, நகராத ஒரு முள்ளை வேடிக்கை பார்த்தோம்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. குளிர் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெந்நீர்த் துணியால் ஒற்றி நிமிர்த்தினேன். இப்போது தாள் கிழிகிறதே தவிர வரவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

வக்கீலின் யோசனை: ஃப்ரிட்ஜில் முன்வரிசை 'முதலில் இதைத் தின்னு' வரிசை. பழசு முன்னால், புதுசு பின்னால். இந்த வாரம் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை.

நவம்பர் 22, சனி

பருப்பை ஊற வைத்து வேக வைத்தால் பாதி எரிவாயு போதும். பாத்திரத்தை மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம். ஊர் உலகத்துக்கே தெரிந்த இதை நான்தான் கண்டுபிடித்த மாதிரி மத்தியானம் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் என் டப்பாவைப் பார்த்து, "என்ன சார், வீட்டுல அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டவர்கள்தான். இன்று இரண்டு பேருமே டப்பாவோடு வந்திருந்தார்கள். மூவரும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். என் பொரியல்தான் முதலில் காலி. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இடி.

பயிற்சிப் பள்ளி முதலாளி ஒரு வண்டியை விற்றுவிட்டார். இனி எனக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. நான்கு நாள் சம்பளம்.

இவளிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததாம்.

"நான் திரும்ப வேலைக்குச் சேந்துடறேன்," என்றாள். "இன்னும் நாலு மாசம்தானேன்னு நீங்க சொல்லுவீங்க. நாலு மாசம் சும்மாவா? நாளைக்கே ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மாவப் பாக்கறேன்."

"பாக்காத."

"எப்படிங்க முடியும்?"

அன்று வீராப்பாகப் பேசினேன். நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்த்தேன்? அண்ணன் ஜூன் மாதமே சிரித்தாரே, அந்தச் சிரிப்பு காதில் கேட்டது.

வக்கீல் எழுந்து போய் பேங்க் பாஸ்புக்கை எடுத்து வந்து அம்மா முன்னால் விரித்தாள். "பாரும்மா. ஆகஸ்ட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு மாசமும் மிச்சம் இருக்கு. நாலு நாள் சம்பளமும் இதுவும் சேந்தா உன் பரீட்சை முடியற வரைக்கும் தாங்கும். நான் ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டேன்."

இவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்க மிச்சம் பண்ணினதா?"

நாங்க, என்றேன். ஒழுகிய வாஷர், ஓட்டல் சாப்பாடு, யாரும் பார்க்காததால் நிறுத்திய டிவி சேனல்கள், அழுகாத காய், எல்லாம் சேர்ந்து இவளுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தபோது அது இவ்வளவு பெரிது என்று தெரியவில்லை.

மேட்ரனைப் பார்க்க யாரும் போகவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

வேலை இல்லாத நாட்களில் வாஷிங் மெஷினின் வயிற்றைத் திறந்து பெல்ட் மாற்றக் கற்றுக்கொண்டேன். மூடியபோது ஒரு திருகாணி மிச்சம். ஆனாலும் ஓடுகிறது. அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்காதவரை நிம்மதி.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் அண்ணன் போன் செய்தார். அண்ணி பக்கத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "டேய், கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போடா. தண்ணி பில்லு என்னமோ தாறுமாறா வருது," என்றார்.

போனேன். மூன்று குளியலறை உள்ள வீடு. நீலம் கரைத்தேன். மூன்றிலும் நீலம் இறங்கியது! மூன்றிலும்!

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஜூன் மாதச் சிரிப்பைப் பற்றிப் பேசலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. பேசவில்லை. அவரே பேசினார்.

"நான் சொன்னது தப்புடா. அவகிட்ட நானே சொல்லணும். என்னிக்கு வரட்டும்?"

"பரீட்சை முடியட்டும்ண்ணா. இப்ப யாரு வந்தாலும் வக்கீல் உள்ள விடமாட்டா."

மே 20, புதன்

தேறிவிட்டாள். வகுப்பில் இரண்டாவது.

போனில் சொன்னபோது நான் ஒரு கல்லூரி மாணவிக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட கூச்சலில் அந்தப் பெண் எதையோ இடித்துவிட்டதாக நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாலையில் மூவரும் ஓட்டலுக்குப் போனோம். வேண்டியதை எல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். யாரும் விலையைப் பார்க்கவில்லை. சரி, நான் பார்த்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

மழைத் தூறல். இன்று புதிதாகச் சேர்ந்தவர் வங்கியில் வேலை செய்கிறவர். தூக்கமே இல்லாத கண். குழந்தை பிறந்து பத்து நாளாம். மனைவியையும் குழந்தையையும் தானே அழைத்துப் போய்வர வேண்டும் என்றுதான் அவசரமாக ஓட்டக் கற்க வந்திருக்கிறார்.

"ரொம்பச் சிக்கலான பிரசவம் சார்," என்றார். "ராத்திரி முழுக்க என் வொய்ஃப் கையை விடாம ஒரு சிஸ்டர் இருந்தாங்க. வெளிய வந்து எனக்கும் தைரியம் சொன்னாங்க. குழந்தையைக் கொண்டாந்து காட்டும்போது எங்களைவிட அவங்க முகத்துலதான் சார் அவ்வளவு சந்தோஷம். புதுசாத்தான் அந்த வார்டுக்கு வந்திருக்காங்களாம். நெத்தியில, இங்க, ஒரு சின்ன மச்சம்."

சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். முன்பின் தெரியாதவரிடம் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் விதி. வைப்பர் இரண்டு முறை போய் வரும்வரை பொறுத்தேன்.

"அவங்க எங்க வீட்டம்மா," என்றேன்.

பச்சை விழுந்தது. அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.