ஐந்தாம் எண்ணின் குமிழிகள்

மார்ச் 4

ஆய்வுக்கு வந்திருக்கும் எட்டுப் பேரில் இன்று நான்கு பேர் கடலில் இறங்கினார்கள். வழக்கம்போல் நான் படகின் அறையில் ஜன்னல் திரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் விதி. மேலே வரும் வழியில், ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வந்தவர் யார், நிற்காமல் வந்தவர் யார் என்பது எனக்குத் தெரியக் கூடாது. ஆய்வை நடத்தும் டாக்டரம்மா ஒட்டிய உறைக்குள் சீட்டு வைத்துக் கொடுக்கிறார். முக்குளிப்பவர்கள் இறங்கும்முன் பிரித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். என் வேலை கேட்பது மட்டும். நர்ஸ் அவர்கள் நெஞ்சில் கருவியை வைப்பார். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஹெட்போனில் நான் இதயத்தைக் கேட்டு, இரத்தத்தில் எவ்வளவு குமிழி ஓடுகிறது என்று பூஜ்யத்திலிருந்து நான்குவரை மதிப்பெண் போட வேண்டும். ஆயுள் முழுக்க ஒலியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு வாய்த்த வேலை.

ஐந்தாம் எண்ணுக்கு இன்று பூஜ்யம்.

ஆய்வில் பெயர் எழுதுவதில்லை, எண்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அக்கா இந்த நோட்டைப் புரட்டுகிறாளோ என்று ஒரு சந்தேகம்.

மார்ச் 6

அக்கா கேட்டாள்: "என்னடா, கச்சேரிக்குப் போற மாதிரி சட்டைய தேய்ச்சுப் போட்டுட்டுப் போறே?"

வேலையை விளக்கினேன். ஆழத்தில் அழுத்தம் அதிகம். மூச்சில் போகும் நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடும். மேலே வரவர அது குமிழியாகப் பிரியும். கொஞ்சம் என்றால் நுரையீரல் வடிகட்டிவிடும். மிஞ்சினால் மூட்டுவலி, மயக்கம், கைகால் முடங்குவதுகூட உண்டு. கடைசியில் கொஞ்சம் நின்று வந்தால் பெரும்பகுதி மூச்சோடு போய்விடும், சோடா பாட்டிலை மெல்லத் திறப்பதுபோல.

"அப்ப நீ யாரு தெரியுமா?" என்றாள். "அறுபத்தொம்பது வருஷமா மூடியே திறக்காத பாட்டில்."

சிரித்துவைத்தேன். பெண் பார்க்கக் கூப்பிட்டபோதெல்லாம் 'யோசித்துச் சொல்கிறேன்' என்றவன் நான். அவள் மறக்கவில்லை.

மார்ச் 11

ஐந்தாம் எண்ணைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா? ஒலியைப் பற்றி எழுதலாம். ஒலி என் துறை.

அவருடைய இதயம் அவசரப்படாத இதயம். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் இரத்தம் சரசரவென்று போகும், யாரோ வாசலைக் கடந்து போவதுபோல. குமிழி வந்தால் அதன் நடுவே குருவிக்குஞ்சு கீச்சிடும். இளையவர்களின் இதயத்தில் தடதடவென்று ஏதோ சாமான் உருளுகிறது. இவருடையதில் அப்படி இல்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. முக்குளிக்கக் கற்றுக்கொடுப்பவர். தண்ணீரில் ஊறிய குரல்.

சும்மா படுத்திருக்கும்போது ஒரு முறை கேட்க வேண்டும். பிறகு உட்கார்ந்து எழச் சொல்லி, தேங்கிய குமிழிகள் அசையும்போது ஒரு முறை.

"இந்த வயசுல தோப்புக்கரணம் போட வைக்கறீங்களே சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார் தடுப்புக்கு அப்பாலிருந்து. நர்ஸ் சிரித்துவிட்டார். பிறகு, "சார், இன்னைக்குக் கீழ என்ன பாத்தேன்னு சொல்லவா?"

"வேணாங்க. பேசக் கூடாது."

"சரி சரி. உள்ளேயே வச்சுக்கறேன்."

வீடு வரும்வரை அதே நினைப்பு. என்ன பார்த்திருப்பார்?

மார்ச் 18

திரையை ஒதுக்கினேன்.

மார்ச் 19

ஒரு விரல் அகலம்தான். ஆனால் ஒரு விரலோ ஒரு முழமோ, விதி விதிதான்.

ஆளுக்கொரு நிறத்தில் சிறு மிதவையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவருடையது மஞ்சள். அது படகுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சுற்றிலும் அவர் விடும் மூச்சு குமிழிகளாக உடைந்துகொண்டிருந்தது, ஒரே இடத்தில். ஆகவே நிற்கிறார். அவர் அங்கே நிற்கிறார், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஐந்து மீட்டர் தண்ணீர். இதற்குமுன் யாருக்காகவாவது நான் இப்படி ஜன்னலில் நின்றதுண்டா? இல்லை. இருபது வயதில் நின்றிருக்க வேண்டியது.

பிறகு கேட்டபோது பூஜ்யம். சந்தோஷமாக எழுதினேன். சந்தோஷமாக எழுதுவதே தவறல்லவா?

மார்ச் 25

மறுபடியும் பார்த்தேன். மஞ்சள் மிதவை நிற்கவில்லை. நிதானமாகத்தான் வந்தார், ஆனால் நிற்காமல் நேரே வந்துவிட்டார். சீட்டில் அப்படி இருந்திருக்கும். ஆபத்தில்லாத ஆழம், ஆபத்தில்லாத நேரம், டாக்டரம்மா கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறார். எல்லாம் தெரியும். இருந்தும் ஹெட்போனைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். குருவிக்குஞ்சுகள் கூட்டமாகக் கீச்சிட்டன. இரண்டா, மூன்றா? மூன்று போட்டேன்.

மூன்று என்றால் ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார வைத்துக் கவனிக்க வேண்டும். "எனக்கு ஒண்ணுமே இல்ல சார், பசிதான்" என்று முகமூடிக்குள்ளிருந்து முணுமுணுத்தார்.

கேட்டேனா? கேட்டதாக நினைத்தேனா? ஐயோ, எனக்கே தெரியலையே.

ஏப்ரல் 1

இன்றும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தேன். இன்றும் நிற்காமல் வந்தார். இன்றும் மூன்று.

நான் என்ன சின்னப் பையனா?

ஏப்ரல் 3

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்து.

"எல்லாரோட மிதவையையும் பாத்தீங்களா சார்?"

"மஞ்சள மட்டும்."

அவர் பேனாவை மூடினார். என் மகளாக இருக்கக்கூடிய வயது. ஒலிப்பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. வெளியூரில் இருக்கும் இன்னொருவருக்கு அனுப்பி, எதுவும் சொல்லாமல் மதிப்பெண் போடச் சொல்வதாகச் சொன்னார். என் ஒருவனால் எட்டுப் பேரின் உழைப்பு வீணாகிவிடுமோ? அதோடு, இனி படகில் ஏற முடியாதோ? இரண்டில் எது பெரிய கவலை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 8

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 15

வெளியூரிலிருந்து, இதுவரையிலான பதிவுகளுக்கு முடிவு வந்தது. ஆய்வு பிழைத்தது. நின்று வந்த நாள்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் குமிழி குறைவு என்றுதான் அந்தப் புதுக் காதும் சொல்கிறது. ஏழு பேர் விஷயத்தில் அவர் போட்டதும் நான் போட்டதும் ஒன்று. ஐந்தாம் எண் நின்று வந்த நாள்களிலும் ஒன்று. அவர் நிற்காமல் வந்த நாள்களில் மட்டும் அந்தக் காதுக்கு இரண்டு, எனக்கு மூன்று.

டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "மத்தவங்களுக்கெல்லாம் காதால கேட்டிருக்கீங்க சார். இவங்களுக்கு மட்டும் பயத்தால கேட்டிருக்கீங்க."

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "எதுக்கு? பாக்கக் கூடாதுன்னு சொன்ன எடத்துலயே போய் உக்காருங்க. மேல்தளத்துல நேரம் குறிக்க ஆள் வேணும். மிதவைய முறைச்சுப் பாக்கறதுதான் வேலை. உங்களவிட யாருக்கு நல்லா வரும்?"

இனி அந்த இதயத்தைக் கேட்கப்போவது வேறு யாரோ. படுத்தபின் என் காதுக்குள் அந்தச் சரசரப்பை வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை. என் இரத்தம்தான் இரைந்தது.

ஏப்ரல் 17

படகுத்துறையில் எதிரே வந்தார். "என்ன சார், என் நெஞ்ச விட்டுட்டுப் போயிட்டீங்களாமே? ஏன்னு டாக்டர்கிட்ட கேட்டா, உங்களையே கேக்கச் சொல்றாங்க."

தப்பித்துப் போக வழி இருந்தது. இடதுபக்கம் அகலமாகவே இருந்தது. போகவில்லை.

"நீங்க நிக்காம வந்த நாள்ல எனக்குக் குமிழி கூடுதலா கேட்டுச்சு. இல்லாததும் கேட்டுச்சு."

அவர் கையிலிருந்த ஈரத் துண்டை ரொம்ப நேரம் பிழிந்தார். சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்தார்.

சொல்லியிருக்கக் கூடாதோ?

ஏப்ரல் 29

ஆய்வு போன வாரமே முடிந்துவிட்டது. அடியில் கட்டியிருந்த கருவிகளைக் கழற்றி எடுக்க இன்று அவரும் இன்னொருவரும் இறங்கினார்கள். உறை இல்லை, சீட்டு இல்லை. நேரம் குறிக்க நான் போனேன்.

மற்றவர் நின்று, மேலே ஏறிவிட்டார். மஞ்சள் மிதவை மட்டும் நின்றது. மூன்று நிமிடம். நான்கு. ஐந்து. குமிழிகள் ஒரே இடத்தில் உடைந்துகொண்டே இருந்தன.

"என்னன்னு பாருங்களேன்!" என்று படகோட்டியைப் பிடித்து உலுக்கினேன்.

"மூச்சு சீரா வருதே சார். காத்தும் நெறைய இருக்கு. நீங்க மொதல்ல உக்காருங்க, உங்களத் தூக்க என்னால ஆகாது."

எட்டாவது நிமிடத்தில் ஏணியில் ஏறினார். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "என்ன ஆச்சுங்க? ஏன் அவ்வளவு நேரம்?"

"மேல யாரு நேரம் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியுமில்ல?" முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார். "மூணு நிமிஷம் உங்களுக்குப் பத்தாதுன்னு தோணுச்சு."

பக்கத்தில் உட்கார்ந்தார். பலகை நனைந்தது, என் தேய்த்த சட்டையும்.

"இப்ப சொல்லலாமா சார், கீழ என்ன பாத்தேன்னு?"

"சொல்லுங்க" என்றேன். "மொதல் நாள்லேருந்து சொல்லுங்க."

வீடு திரும்ப இருட்டிவிட்டது. அக்கா சட்டையைப் பார்த்தாள். ஆறிப்போயிருந்த சாப்பாட்டை மறுபடி சூடு பண்ணினாள்.