மூன்று சீட்டு விழுந்த பிறகு

5 மார்ச் 2024, செவ்வாய்

ஆகாயத்துக்குக் கீழே, கடலுக்கு மேலே, யாருமே நம்பாத ஒரு கதையை இந்த நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன் என்று தங்கராஜு ஆகிய நான் இன்று சத்தியம் செய்கிறேன். சாட்சி, என் கார். கதவைச் சாத்தினால் ஹாரன் அடிக்கும், ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும். புஷ்பக விமானத்துக்கு அண்ணன்.

இதில்தான் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாயாண்டியை எஸ்டேட்டிலிருந்து சிரம்பான் டயாலிசிஸ் சென்டருக்கு ஏற்றிப் போகிறேன். தங்கச்சி மங்கம்மாவின் புருஷன். அதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி. எஸ்டேட்டில் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்தோம். அவன் கிட்னி இரண்டும் ராஜினாமா செய்து இரண்டு வருஷம் ஆகிறது. இடது கையில் இரண்டு ஊசி குத்தி, நாலு மணி நேரம் மெஷின் ரத்தத்தைக் கழுவும்.

அந்த நாலு மணி நேரத்தை என்ன செய்வது? அவன் மகள் ரோகினி, செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, போனில் காட்டி எங்களுக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கு இரண்டு சீட்டு, ரகசியம். நடுவில் மூன்று சீட்டு, எல்லாரும் பார்க்க. அப்புறம் இன்னும் இரண்டு வரும், ஆனால் அந்த மூன்று விழுந்த நிமிஷம்தான் ஆட்டமே. பந்தயம் கட்டுவதா, மேஜையைத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பதா, தோற்றேன் என்று கவிழ்த்துப் போடுவதா? பந்தயத்துக்கு ரப்பர் கொட்டை, ஆளுக்கு ஐம்பது. ஊசிக் கையை அசைக்கக்கூடாது என்பதால் மாயாண்டியின் சீட்டுக்குத் துணி கிளிப்.

7 மார்ச், வியாழன்

உலகத் தோல்விகளுக்கெல்லாம் தலைவன் ஆனேன். ஐம்பது கொட்டையும் மாயாண்டியிடம் போயிற்று.

"மச்சான், மூணு சீட்டு விழுந்த உடனே படக்குன்னு கட்டுறே பாரு, அப்பவே தெரியுதுடா உங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு. நல்ல சீட்டுன்னா நீ யோசிப்பே. அதோட, பொய்யின்னா உன் வலது கால் ஆடும்."

"இந்தக் காலா? லோரி பிரேக்கை முப்பது வருஷம் மிதிச்ச கால்டா. ஒரு தடவை ஜெலுபு மலையில புலி குறுக்கே வந்து, என்னைப் பார்த்துட்டு, சாரி சொல்லி..."

"ஆடுது பாரு."

குனிந்து பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது.

12 மார்ச், செவ்வாய்

அவனை வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது மங்கம்மா கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இனிமே வரலங்கிறாரு. போதுமாம். விட்டா பத்து நாள்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரே. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

ஆயிரம் புளுகு சொன்ன வாய். தலையை மட்டும் ஆட்டினேன்.

14 மார்ச், வியாழன்

சீட்டைக் குலுக்கும்போது அவனே ஆரம்பித்தான். "மச்சான், இன்னிக்குப் பந்தயம் கொட்டை மட்டும் இல்ல. இந்த ஒரு ஆட்டம் நான் ஜெயிச்சா, சனிக்கிழமை காரை எடுத்துட்டு வராதே. நீ ஜெயிச்சா, நீயா போதும்னு சொல்ற வரைக்கும் வர்றேன்."

சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

என் கையில் எட்டும் இரண்டும். குப்பை. நடுவில் மூன்று சீட்டு விரித்தேன். ராஜா, ஒன்பது, நாலு. எனக்கு உதவ ஒரு சீட்டும் இல்லை. அவன் மேஜையைத் தட்டினான். என் முறை.

உடனே கட்டினால் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் யோசிப்பதாக நடித்தேன். ஒன்று முதல் இருபது வரை எண்ணினேன். பாழாய்ப்போன கால்! ஸ்டூல் கம்பியில் பாதத்தைச் செருகி, இன்னொரு காலால் அமுக்கிப் பிடித்தேன். பிறகு, "எல்லாத்தையும் கட்டுறேன்டா," என்றேன். குரல் ராஜகம்பீரமாக வரவேண்டியது. பூனைக்குட்டி மாதிரி வந்தது.

மாயாண்டி என் முகத்தைப் பார்த்தான். மெதுவாகத் தலையைச் சாய்த்து மேஜைக்குக் கீழே பார்த்தான். பிறகு கிளிப்பைக் கழற்றி, சீட்டைக் கவிழ்த்துப் போட்டான்.

"போடா. நீ ஜெயிச்சே."

கவிழ்த்த சீட்டைப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். நர்ஸ் வந்து அவனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தபோது, சட்டத்தை மீறினேன்.

இரண்டும் ராஜா. நடுவில் கிடந்ததோடு மூன்று. அந்த நிமிஷம் அதை அடிக்க வேறு சீட்டே கிடையாது.

16 மார்ச், சனி

வந்தான்.

6 ஏப்ரல், சனி

ஊசி இரண்டு தடவை தவறிப்போய்க் கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. மூன்றாவது குத்துக்கு அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். நான் புலிக் கதையை எடுத்தேன். நர்ஸ் சிரித்தாள்.

19 மே, ஞாயிறு

ரோகினிக்குப் பரிசம். மாயாண்டி சில்க் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலே சபைக்கு மந்திரி மாதிரி உட்கார்ந்திருந்தான். அரை ஜாங்கிரி தின்றான். தாம்பூலத் தட்டு மாற்றும்போது தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ரோகினி கூடவே பிடித்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டுக்காரர்களிடம், "தட்டு ஒரு டன் கனம்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்.

இதற்காகத்தான், இல்லையா? இதற்காகத்தான் அன்று கட்டினேன். சரிதானே?

8 ஜூன், சனி

கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதில் அலறினான். மாயாண்டி அலறி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் செம்பனை முள் பாதத்தின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்தபோதுகூட. பாதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். எடையே இல்லை.

அவன் இன்றுவரை ஒரு தடவைகூட, "எப்படா போதும்னு சொல்வே?" என்று கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாமே பாவி.

13 ஜூன், வியாழன்

காலையில் மங்கம்மாவிடம், இனி அவனை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். பிறகு, "உங்க இஷ்டம் இல்லண்ணே. அவரு இஷ்டம்," என்றாள்.

சென்டரில் சீட்டைக் குலுக்கினேன். "மச்சான், அதே பந்தயம்."

நிமிர்ந்து பார்த்தான். கிளிப்பை எடுத்து நீட்டினான்.

என் கையில் ஏஸும் ஒன்பதும். தெய்வத்துக்கு என்னோடு விளையாட இதுதான் நேரம். நடுவில் ஏஸ், ஒன்பது, ஆறு. இரண்டு ஜோடி! இப்படி ஒரு சீட்டு இந்த வருஷம் முழுக்க வந்ததில்லை. கட்டியிருந்தால் அநேகமாக ஜெயித்திருப்பேன். ஜெயித்தால் சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, மறுபடி வியாழக்கிழமை.

அவன் மேஜையைத் தட்டினான். நான் யோசித்தேன். இந்தத் தடவை நடிப்பு இல்லை.

"யோசிக்கிறியே. நல்ல சீட்டா?"

"ஒண்ணும் இல்லடா. குப்பை." கவிழ்த்துப் போட்டேன்.

அவன் மேஜைக்குக் கீழே பார்த்தான். "கால் ஆடுதே மச்சான்."

"ஆடட்டும்."

நல்ல கையை நீட்டி என் முழங்காலில் வைத்தான். ஆட்டம் நின்றது.

"போதும்டா," என்றேன். "போதும்."

திரும்பி வரும் வழியில் கண்ணாடியை இறக்கிவிட்டு எஸ்டேட் காற்றை வாங்கிக்கொண்டே வந்தான். மார்ச் பதினாறிலிருந்து இன்றுவரை முப்பத்தொன்பது தடவை. தடவைக்கு இரண்டு ஊசி. கணக்கு எனக்குத்தான், அவனுக்கு இல்லை.

22 ஜூன், சனி

காலையில். வீட்டில். மங்கம்மா மடியில்.

23 ஜூன், ஞாயிறு

எங்கள் பக்கம் சாவு வீட்டில் சீட்டு ஆடாமல் இருக்கமாட்டார்கள். பந்தலில் நாலு பேர் உட்கார்ந்து, "வாங்கண்ணே, ஒரு கை குறையுது," என்று எனக்கும் போட்டார்கள். எடுத்துப் பார்க்கவில்லை. மதியம் தூக்கும்வரை சீட்டு முன்னால் அப்படியே கிடந்தது.

7 ஜூலை, ஞாயிறு

இன்று கருமாதி. சாப்பாடு முடிந்ததும் லோபாக்கிலிருந்து வந்த சொந்தக்காரன் திருநாவுக்கரசு பிடித்துக்கொண்டான். "அண்ணே, மாயாண்டி அண்ணனப் பத்தி ஒண்ணு எடுத்து விடுங்கலா."

எடுத்து விட்டேன். மாயாண்டி போக்கரில் நர்ஸுகளிடமிருந்து மெஷினையே ஜெயித்தது. ஜெலுபு புலி கேள்விப்பட்டு நேரில் வந்து ஆடி, கோடுகளைத் தோற்றுவிட்டு வெறும் மஞ்சளாகத் திரும்பிப் போனது. என் ஒரே பார்வைக்குப் பயந்து, கையில் இரண்டு ராஜா, கீழே ஒரு ராஜா வைத்துக்கொண்டு மாயாண்டி சீட்டைக் கவிழ்த்தது.

புலிக்குக்கூட அவ்வளவு சிரிப்பில்லை. ராஜாவுக்குத்தான் சிரித்தார்கள். "மூணு ராஜாவ வச்சுக்கிட்டு எவன்ணே கவிழ்ப்பான்? புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?"

காலைப் பார்த்தேன். ஆடவில்லை. வாசல்படியில் இருந்த மங்கம்மாவும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். புலி பொய், மெஷின் பொய், எனக்குப் பயந்தான் என்பதும் பொய். அந்த மூன்று ராஜா மட்டும் நிஜம்.